ஸ்ட்ரிங் ஒன்று, அரே வேறு: ஓர் அஞ்சல் குறியீட்டை வைத்து ஒரு விளக்கம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "பைத்தானில் ஸ்ட்ரிங்கின், அதாவது எழுத்துத் தொடரின், ஓர் எழுத்தை மாற்றப் போனால் முடியாது என்கிறது. சி மொழியில் அதையே ஒரு விதமாக எழுதினால் மாறுகிறது, இன்னொரு விதமாக எழுதினால் புரோகிராம் அப்படியே செத்துப்போகிறது. ஜாவாவில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டால் சில நேரம் சமம், சில நேரம் சமமில்லை. எல்லா மொழியிலும் இரட்டை மேற்கோள் குறிக்குள்தானே எழுதுகிறோம், பிறகு ஏன் இப்படி?"

நல்ல கேள்வி, தம்பி. சிங்கப்பூரில் சின்னச் சின்னக் கருவிகளுக்கு, அறிவிப்புப் பலகை, அட்டை வாசிப்பான் போன்றவற்றுக்கு, சி மொழியில் நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. இந்த விஷயத்தில் நான் அடிபட்ட அளவுக்கு வேறெதிலும் பட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வழிக்கு வந்துவிடும். மேற்கோள் குறிக்குள் நீங்கள் எழுதுவது (இதை லிட்டரல் என்பார்கள்) ஒரு மதிப்பு. அரே என்பது மதிப்புகளை வரிசையாக வைக்கும் ஓர் இடம். மதிப்பை யாரும் மாற்ற முடியாது. 7 என்ற எண்ணை எப்படி மாற்றுவீர்கள்? இடத்தில் இருப்பதை மாற்றலாம். இந்த இரண்டையும் எவ்வளவு தூரம் பிரித்து வைப்பது என்பதில்தான் மொழிக்கு மொழி வேறுபாடு. சி கிட்டத்தட்டப் பிரிக்கவே இல்லை. ஜாவா சுவர் வைத்துப் பிரித்துவிட்டது. ரூபி வெகு காலம் மதிப்பையும் இடமாகவே நடத்தியது.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். தேக்கா நிலையம் இருப்பது பஃபலோ ரோடு, புளோக் 665. அதன் குறியீடு 210665. 1995ல் ஆறு இலக்கமானபோது வந்த முறை: முதல் இரண்டு இலக்கம் வட்டாரம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் என்றால் கடைசி மூன்று பெரும்பாலும் புளோக் எண். இதை எண்ணாகவே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் குறியீடுகள் 04 என்று தொடங்கும். எண்ணாக வைத்தால் அந்தப் பூஜ்ஜியம் காணாமல் போய்விடும். போதாததற்கு, பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணை சி எட்டை அடிமானமாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொள்ளும்; நடுவில் 8 அல்லது 9 வந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே ஏற்காது. குறியீடு என்பது எழுத்துகளின் வரிசை. அதனால் ஸ்ட்ரிங்.

இனி சி. நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், நீங்கள் வழக்கம்போல் தட்டிக்கொள்ளுங்கள். 'சார்' என்பது சி-யின் கேரக்டர் வகை.

சார் *ப = "210665";
சார் அ[] = "210665";

பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டும் திரையில் ஒரே விடையைத்தான் காட்டும். ஆனால் முதல் வரியில் நடப்பது வேறு, இரண்டாம் வரியில் நடப்பது வேறு.

"210665" என்று எழுதியதும் கம்பைலர் அதற்கு ஏழு பைட் எடுத்துவைக்கிறது: 50, 49, 48, 54, 54, 53, அப்புறம் முடிவைக் குறிக்க ஒரு 0. லினக்ஸ், விண்டோஸ் மாதிரியான கணினிகளில் இந்த ஏழு பைட்டும் படிக்க மட்டுமே அனுமதி உள்ள பகுதியில் போய் உட்காரும். முதல் வரி செய்வது, அந்தப் பகுதியின் முகவரியை 'ப' என்ற பாயின்டரில் குறித்துக்கொள்வது. அவ்வளவுதான். இரண்டாம் வரி செய்வது, 'அ' என்ற பெயரில் ஏழு பைட்டுக்குச் சொந்தமாக இடம் பிடித்து, அங்கே அந்த ஏழு பைட்டையும் நகலெடுத்து வைப்பது.

விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்துக்குப் போயிருப்பீர்கள். மேல் மாடிகளில் உள்ள நூல்களை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த நூல் இருக்கும் அலமாரி எண்ணை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டால் அது பாயின்டர். ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் அது அரே. நகலில் பென்சிலால் கோடு போடலாம், திருத்தலாம், கசக்கலாம். நூலில் கோடு போட்டால் ஊழியர் வந்துவிடுவார். அ[0] = '5' என்று எழுதினால் குறியீடு 510665 ஆகும், ஒரு பிரச்சினையும் இல்லை. ப[0] = '5' என்று எழுதினால் உங்கள் மடிக்கணினியில் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் நிரல் செத்தது இப்படித்தான். மாற்றப்போகிறீர்கள் என்றால் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு சதுர அடைப்புக்குறி போடுங்கள், தீர்ந்தது.

நின்றுவிடும் என்று சொன்னேனே, அதற்கும் உத்தரவாதம் கிடையாது. லிட்டரலை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை சி-யின் தர ஆவணம் வரையறுக்கவே இல்லை. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ஆர்டுயினோ உனோ ஆர்3 பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரேம் மொத்தமே 2 கிலோபைட். அந்தச் சில்லில் நிரல் தொடங்கும்போதே லிட்டரல்கள் ரேமுக்கு நகலெடுக்கப்படுகின்றன. அதனால் அங்கே ப[0] = '5' சத்தமில்லாமல் வேலை செய்துவிடும்! அது சரியான நிரல் என்று நம்பி வேறொரு சில்லுக்குக் கொண்டுபோவீர்கள், அங்கே விழும். இன்னொன்று: நீளமான அறிவிப்புகளை நாலைந்து மேற்கோளுக்குள் எழுதினால் அந்த 2 கிலோபைட் கரைந்துகொண்டே வரும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. நிரலில் ஓரிடத்தில் "210665" என்றும் இன்னோரிடத்தில் "665" என்றும் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதற்குத் தனி இடம் எதற்கு? முதலாவதன் வால் பகுதியே "665" தான், முடிவுப் பூஜ்ஜியமும் அங்கேயே இருக்கிறது. எனவே இரண்டாவதன் முகவரியாக முதலாவதன் நான்காவது பைட்டைக் கொடுத்துவிட இடமுண்டு. தர ஆவணம் இதை அனுமதிக்கிறது, ஜிசிசி போன்ற கம்பைலர்கள் இதைச் செய்யவும் செய்கின்றன. இப்போது லிட்டரலை மாற்ற அனுமதித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புளோக் எண்ணை மாற்றினால் அஞ்சல் குறியீடும் சேர்ந்து மாறும். ஒரு காலத்தில் லிட்டரலை மாற்றும் பழைய நிரல்கள் நிறைய இருந்தன. அவற்றுக்காகவே ஜிசிசி-யில் ஒரு சலுகை விசை இருந்தது. 2005ல் வந்த 4.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். என் கருத்தில் நல்ல காரியம்.

அப்படியென்றால் சி-யில் லிட்டரலுக்கு 'மாற்றக்கூடாது' என்ற முத்திரையை ஏன் குத்தவில்லை? 1989ல் முதல் தரம் வந்தபோது, அதற்கு முன் எழுதப்பட்ட ஏராளமான நிரல்களில் அந்த முத்திரையே கிடையாது. திடீரென்று குத்தினால் அத்தனையும் கம்பைல் ஆகாமல் போயிருக்கும். எனவே மாற்றக்கூடாது, ஆனால் தடுக்கமாட்டோம் என்ற இரண்டும்கெட்டான் நிலை. சி++ அந்த முத்திரையைக் குத்திவிட்டது. பழைய நிரல்களுக்காகச் சில காலம் கண்டும் காணாமல் இருந்து, 2011 பதிப்பில் அதையும் நிறுத்தியது. உங்கள் முதல் வரி இன்றைய சி++ விதிப்படி பிழை.

சரி, அளவு. அரேயின் அளவைக் கேட்டால் 7 என்று வரும். 64 பிட் கணினியில் பாயின்டரின் அளவைக் கேட்டால் 8 என்று வரும், அது எதைச் சுட்டினாலும். ஆனால் அதே அரேயை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, உள்ளே போய் அளவு கேளுங்கள்: அங்கேயும் 8. வாசலைத் தாண்டும்போது அரே பாயின்டராக மாறிவிடுகிறது. நீளம் வெளியிலேயே தங்கிவிடுகிறது. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

நீங்கள் கட்டாயம் ஒருமுறை மாட்டப்போகும் வலை இன்னொன்று. அஞ்சல் குறியீடு ஆறு எழுத்துதானே என்று சார் அ[6] = "210665" என்று எழுதிவிடுவீர்கள். சி இதை ஏற்றுக்கொள்ளும். ஆறு இலக்கமும் உள்ளே போகும், முடிவுப் பூஜ்ஜியத்துக்கு இடமில்லாததால் அது வெளியே நிற்கும். திரையில் காட்டச் சொன்னால் 210665 வந்து, அதற்கு அப்புறம் நினைவகத்தில் அடுத்து என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்து வரும், ஏதாவது ஒரு பூஜ்ஜியம் தட்டுப்படும்வரை. சி++ இதைப் பிழை என்று தடுத்துவிடும்.

ஆயுளிலும் வேறுபாடு உண்டு. லிட்டரல் நிரல் ஓடும்வரை உயிரோடு இருக்கும். ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரே அந்த ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும். ஆகவே ஒரு ஃபங்ஷன் லிட்டரலின் முகவரியைத் திருப்பித் தரலாம், உள்ளூர் அரேயின் முகவரியைத் தரக்கூடாது. காலி செய்த வீட்டின் முகவரியைக் கொடுத்த கதையாகிவிடும்.

முடிவைக் காட்ட ஏன் ஒரு பூஜ்ஜியம்? நீளத்தை முன்னாலேயே எழுதி வைத்திருக்கலாமே? முன்னோர்கள் அப்படித்தான் செய்தார்கள். 1967ல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் ஸ்ட்ரிங்கின் தொடக்கத்தில் நீளம் இருந்தது. அதிலிருந்து கென் தாம்சன் செய்த பி மொழியில் நீளத்தை எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு முடிவுக்குறி வைத்தார்கள். பி-யிலிருந்து டென்னிஸ் ரிச்சி செய்த சி-யில் அந்தக் குறி பூஜ்ஜியமானது. ரிச்சி பின்னாளில் சொன்ன காரணம் இரண்டு: நீளத்தை எட்டு ஒன்பது பிட்டுக்குள் அடைத்தால் ஸ்ட்ரிங் எவ்வளவு நீளலாம் என்பதற்கு வரம்பு வந்துவிடுகிறது, எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி வசதியாகத் தோன்றியது. பாஸ்கல் மொழியின் பக்கம் அந்த வரம்பைக் கண்ணால் பார்க்கலாம். டர்போ பாஸ்கலில் முதல் பைட்டில் நீளம் இருக்கும், எனவே ஸ்ட்ரிங் 255 பைட்டுக்கு மேல் போகாது.

சி-யின் வழி நீளத்துக்கு வரம்பு வைக்கவில்லை. ஆனால் இடத்துக்கும் காவல் வைக்கவில்லை. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற தானே பரவும் நிரல் இணையத்தில் பரவியபோது அது நுழைந்த வாசல்களில் ஒன்று, ஒரு சேவை நிரலில் இருந்த 512 பைட் அரே. உள்ளே வரும் வரியைப் படிக்க அந்த நிரல் பயன்படுத்திய 'கெட்ஸ்' என்ற ஃபங்ஷனுக்கு அரே எவ்வளவு பெரிது என்று தெரியாது, கேட்கவும் கேட்காது. நீளமான வரியை அனுப்பினால் அரேயைத் தாண்டி எழுதிக்கொண்டே போகும். அந்த ஃபங்ஷனை சி-யின் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆனது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் பழைய பாடக் குறிப்பு எதிலாவது அது இருந்தால் தொடாதீர்கள்.

ஃபோர்ட்ரான் 77 மூன்றாவது வழியில் போனது. பத்து எழுத்துக்கு இடம் என்று அறிவித்து 210665 வைத்தால், மீதி நான்கு இடத்தையும் வெற்றிடத்தால் நிரப்பிவிடும். முடிவுக்குறியும் இல்லை, நீளமும் மாறாது. கோபால் என்ற பழைய கணினி மொழியும் அப்படித்தான். தரவுத்தளத்தில் நிலையான நீளமுள்ள 'சார்' வகைக் களத்தை எடுத்து வந்தால் பின்னால் வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள், இது அதே பழக்கத்தின் தொடர்ச்சி.

இனி ஜாவா. ஜாவாவில் ஸ்ட்ரிங் ஒரு பொருள், அரே இன்னொரு பொருள், ஒன்று மற்றொன்றாக நடிக்காது. ஸ்ட்ரிங்கை உருவாக்கியபின் யாரும் மாற்ற முடியாது. அரேயாக வேண்டுமென்றால் கேட்டு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்ற முடியாது என்பதால் பகிர்ந்துகொள்வதில் ஆபத்தில்லை. சி-யில் நாம் பயந்த விஷயமே இங்கே வசதியாகிறது. ஒரே மாதிரி எழுதிய லிட்டரல்கள் எல்லாம் ஒரே பொருளைத்தான் சுட்டும் என்று ஜாவா உறுதியே தருகிறது. எனவே "210665" என்று இரண்டு இடத்தில் எழுதி, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் சமம். "210" + "665" என்று எழுதினாலும் சமம், ஏனென்றால் அதைக் கம்பைலரே கூட்டிவிடுகிறது. ஆனால் பயனர் விசைப்பலகையில் தட்டியது 210665 என்றால் அது ஓடும்போது பிறந்த வேறு பொருள். இரட்டைச் சமக்குறி கேட்பது "இரண்டும் ஒரே பொருளா?" என்ற கேள்வியை. எழுத்துகள் ஒன்றா என்று கேட்க 'ஈக்வல்ஸ்' தான் வேண்டும். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். சி-ஷார்ப்பில் ஸ்ட்ரிங்குக்கு இரட்டைச் சமக்குறி எழுத்துகளையே ஒப்பிடும், அங்கிருந்து ஜாவாவுக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். சி-யிலும் இரட்டைச் சமக்குறி முகவரியைத்தான் ஒப்பிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜாவாவில் கேரக்டர் அரேயை நேராகத் திரையில் காட்டச் சொன்னால் எழுத்துகள் வரும். அதற்கு முன் "குறியீடு: " என்று ஒரு ஸ்ட்ரிங்கைச் சேர்த்துப் பாருங்கள், [சி@ என்று தொடங்கும் ஏதோ ஒன்று வரும். அரே ஸ்ட்ரிங் அல்ல என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்ட முடியாது. அப்படியானால் ஜாவாவில் கேரக்டர் அரே எதற்கு? கடவுச்சொல்லுக்கு. ஸ்ட்ரிங்கை அழிக்க முடியாது, அது நினைவகத்தில் எவ்வளவு நேரம் கிடக்கும் என்பதும் நம் கையில் இல்லை. அரேயை வேலை முடிந்ததும் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிடலாம். ஜாவாவின் கடவுச்சொல் பெட்டி விடையை அரேயாகத் தருவது அதனால்தான்.

பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் இதே குடும்பம்: ஸ்ட்ரிங் மாறாது. பைத்தானில் மாற்ற வேண்டுமென்றால் பட்டியலாக்கி, மாற்றி, மறுபடி ஒட்டுங்கள். பைட்டுகளாக வேலை செய்ய 'பைட்அரே' இருக்கிறது. பைத்தானில் தனி எழுத்துக்கு வகையே கிடையாது, ஓர் எழுத்தும் நீளம் 1 உள்ள ஸ்ட்ரிங்தான். ரூபியில் லிட்டரலை மாற்றலாம், ஒவ்வொரு முறை அந்த வரி ஓடும்போதும் புதிய ஸ்ட்ரிங் பிறக்கும். அது வீண் என்று பட்டு, 2015 கடைசியில் வந்த 2.3 பதிப்பிலிருந்து கோப்பின் தலையில் ஒரு வரி எழுதினால் லிட்டரல்கள் உறைந்துவிடும் என்று வைத்தார்கள். ஹாஸ்கெலில் ஸ்ட்ரிங் என்பதே எழுத்துகளைக் கோத்த சங்கிலிப் பட்டியல். பார்க்க அழகு, நினைவகத்தில் பாரம். கோ மொழியில் ஸ்ட்ரிங் மாறாத பைட் வரிசை, நீளத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். பைட் துண்டாக மாற்றினால் நகலெடுக்கும். ரஸ்டில் லிட்டரல் என்பது நிரலுக்குள்ளேயே பதிந்த, நிரலின் ஆயுள் முழுக்க வாழும் இடத்துக்கு ஒரு பார்வை. சொந்தமாக வைத்து மாற்ற வேண்டுமென்றால் 'ஸ்ட்ரிங்' என்ற தனி வகையாக்க வேண்டும். நூலகத்து நூல், நகல் என்ற வேறுபாட்டை வகையின் பெயரிலேயே எழுதி வைத்த மொழி அது. எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

இதுவரை இலக்கங்களை வைத்தே பேசினோம், ஓர் எழுத்து ஒரு பைட் என்று காலம் ஓடியது. நம் மொழிக்கு வந்தால் அது நடக்காது. "தமிழ்" என்ற சொல்லை எடுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்று எழுத்து என்று சொல்லும்: த, மி, ழ். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் இது ஐந்து குறியீட்டுப் புள்ளிகள் (அந்த எண்களுக்குப் பெயர் அது): த, ம, இகரக் குறி, ழ, மெய்ப்புள்ளி. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. த என்பது 224, 174, 164. ழ என்பது 224, 174, 180. மெய்ப்புள்ளி 224, 175, 141. தமிழ் யூனிகோடு எழுத்து எதுவானாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175.

இப்போது ஒவ்வொரு மொழியிடமும் நீளம் கேளுங்கள். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும். சி, கோ, ரஸ்ட், பிஹெச்பி 15 என்று சொல்லும். சி-யில் அரேயின் அளவு 16, முடிவுப் பூஜ்ஜியத்தோடு. ஸ்விஃப்டும் எலிக்சரும்தான் 3 என்று சொல்லும், நம் பிள்ளை சொன்ன மாதிரி. க்ஷ போன்ற கூட்டெழுத்தை அவையும் இரண்டாக எண்ணும் என்பது வேறு விஷயம். ஐந்து குறியீட்டுப் புள்ளிகளையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டால் மெய்ப்புள்ளி முதலில் அந்தரத்தில் நிற்கும், இகரக் குறி மகரத்தை விட்டுவிட்டு ழகரத்தில் ஏறிக்கொள்ளும். ஸ்ட்ரிங்கைத் திருப்பும் பயிற்சி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தமிழ்ச் சொல்லை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள்.

'கேரக்டர்' என்ற பெயரையும் அப்படியே நம்பாதீர்கள். சி-யின் சார் ஒரு பைட், த-வின் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்கும். ஜாவாவின் சார் 16 பிட், த உள்ளே போகும், மி போகாது. ரஸ்டின் சார் நான்கு பைட், அதிலும் மி போகாது, ஏனென்றால் மி இரண்டு குறியீட்டுப் புள்ளி. நான் சொன்ன மொழிகளில் மி-யை ஒரே கேரக்டராக ஏற்பது ஸ்விஃப்ட்.

சி-யின் அந்தப் பழைய பூஜ்ஜிய முறையில் தமிழ் ஓடுகிறதே, அது எப்படி? 1992ல் யூடிஎஃப்-8ஐ வடிவமைத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். பி மொழியில் முடிவுக்குறி வைத்த அதே தாம்சன். எந்த எழுத்தின் நடுவிலும் பூஜ்ஜிய பைட் வராதபடி அதை அமைத்தார்கள், எனவே பழைய சி நிரல்கள் தமிழைத் தெரியாமலே தமிழைச் சுமக்கின்றன. யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையை அப்படிச் சுமக்க முடியாது. அதில் '2' என்ற இலக்கத்தில் பாதி பூஜ்ஜியம், சி அங்கேயே முடிந்தது என்று நினைத்துவிடும். பின்னாளில் கோ மொழியை உருவாக்கிய மூவரில் இவர்கள் இருவரும் உண்டு. அங்கே முடிவுக்குறியை விட்டுவிட்டு நீளத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சுமப்பது வேறு, வெட்டுவது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூக மன்றத்தில் மூத்தோர் நிகழ்ச்சி. வருகிறவர்களின் பெயர் வாசலில் உள்ள பலகையில் அவரவர் மொழியில் வரும். ஆங்கிலப் பெயர்கள் சரியாக வந்தன. தமிழ்ப் பெயர்கள் பாதியில் நின்று, கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. வரிசையில் நின்ற ஒரு பாட்டி பலகையைப் பார்த்துவிட்டு, "என் பெயர் ஏன்யா உடைஞ்சு இருக்கு?" என்று கேட்டார். பலகையின் நிரல் நான் எழுதியதில்லை, ஆனால் அதைப் பார்க்கச் சொல்லி என்னிடம்தான் வந்தது.

சுப்புலட்சுமி என்று தட்டிப் பார்த்தேன். ஏழு எழுத்து, பதின்மூன்று குறியீட்டுப் புள்ளி, 39 பைட். நிரலில் பெயருக்கு ஒதுக்கியிருந்த அரே 32 பைட். முடிவுப் பூஜ்ஜியம் போக 31. பத்துப் புள்ளிக்கு 30 பைட் போனது, மிச்சம் ஒரு பைட்டில் அடுத்ததன் முதல் பைட்டான 224 மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது. 'சுப்புலட்ச', அப்புறம் ஒரு கேள்விக்குறி.

வெட்டும் இடத்தில் இருப்பது தொடர்ச்சி பைட்டா என்று பார்த்து, ஆமென்றால் எழுத்தின் தொடக்கம் வரை பின்னால் போய் அங்கே வெட்டச் சொன்னேன். தொடர்ச்சி பைட்டுகள் 128க்கும் 191க்கும் இடையில்தான் இருக்கும். பலகையில் வேலை செய்தது. என் மடிக்கணினியில் செய்யவில்லை. அரை நாள் போயிற்று. அங்கே சார் கூட்டல், கழித்தல் குறியோடு கூடிய வகை: 224 என்று நான் நினைத்தது -32 ஆக இருந்தது, 174 என்று நினைத்தது -82. பலகையின் ஆர்ம் சில்லில் சார் குறியில்லாதது. எது என்று சி முடிவு செய்யவில்லை, கருவிக்கே விட்டுவிட்டது. குறியில்லாத சார் என்று வெளிப்படையாக எழுதியதும் இரண்டிலும் சரியானது.

கேள்விக்குறி போயிற்று, 'சுப்புலட்ச' நின்றது. அடுத்து வரவேண்டியது உகரக் குறி, அது இல்லாமல் ச மட்டும் நிற்பது தப்பு என்று இன்னும் ஒன்று பின்னால் போனால் 'சுப்புலட்'. விதிப்படி எல்லாம் சரி, ஆனால் அது யாருடைய பெயரும் இல்லை. கருவியில் நினைவகம் நிறையவே இருந்தது. 32ஐ 128 ஆக்கினேன், 42 புள்ளிவரை தாங்கும். வெட்டும் விதியையும் எடுக்காமல் விட்டு வைத்தேன், அதைவிட நீளமான பெயர் வந்தால் உடையாமல் நிற்கட்டும் என்று. அடுத்த மாத நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். அந்தப் பாட்டியும் வந்திருந்தார். அட்டையைத் தட்டிவிட்டுப் பலகையைப் பார்த்து, பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்தார், கடைசி எழுத்துவரை.